உடைக்காமல் உள்ளறியும் கலை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அத்தகைய மேடையில் இரும்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்திருக்கிறார். நான் பொறியாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காகிதங்களோடு வாழ்ந்து வருபவன். எனினும் என் மேசைக்கு வரும் காகிதங்களிற் பல, அச்சுகளையும் தண்டவாளங்களையும் சோதிப்பவர்கள் எழுதி அனுப்பும் அறிக்கைகள். அவற்றை வரிசைப்படுத்திப் பதிவேட்டில் ஏற்றுவது என் தொழில். எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் ஏற்றுவதற்கு மனம் ஒப்பவில்லை. ஆதலின் சோதிப்பவர்களிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன். குறையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சந்தையில் மண்பானை வாங்கும் நம் தாய்மார்கள் அதனை எவ்வாறு சோதிக்கின்றனர்? கையில் ஏந்தி, விரல் முட்டியால் தட்டி, எழும் ஓசையைக் காதில் வாங்குகின்றனர். கணீரென்று ஒலித்தால் பானை நல்லது. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத கீறலைக் காது கண்டுபிடித்து விடுகிறது. பானைக்கும் ஒரு சேதமில்லை. சோதித்த பானையையே வீட்டுக்குக் கொண்டுவந்து உலையேற்றலாம். பொருளைக் கெடுக்காமல் அதன் உட்குறையை அறியும் இந்த எளிய முறையே, இன்று பெரிய தொழிற்சாலைகளில் ‘அழிவிலாச் சோதனை’ என்னும் பெயரில் வளர்ந்து நிற்கிறது.

இதற்கு நேர்மாறான சோதனையும் உண்டு. இரும்புத் துண்டு ஒன்றை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்துப் பார்ப்பார்கள். அதன் வலிமை தெரிந்துவிடும். ஆனால் துண்டு போய்விடும். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதே இதன் தத்துவம். சோறு முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தது. ஆகவே ஒரு பருக்கை மற்றவற்றுக்குச் சான்றாகிறது. ஆனால் பத்தாண்டுகள் ஓடிய நூறு அச்சுகளில் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, மற்றத் தொண்ணூற்றொன்பதும் நல்லவை என்று கூற இயலுமா? ஒவ்வோர் அச்சும் வெவ்வேறு பாரம் சுமந்தது. வெவ்வேறு பாதையில் ஓடியது. ஒன்றில் கல் தெறித்துத் தழும்பு விழுந்திருக்கும். மற்றொன்றில் துரு ஏறிக் குழி விழுந்திருக்கும். இங்கே ஒவ்வொரு பருக்கையையும் பதம் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அந்தப் பருக்கையே இலையிலும் விழ வேண்டும். அழிவிலாச் சோதனையின் தேவை இதுதான்.

அச்சு ஏன் முறிகிறது? மயிற்பீலியேயாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்னும் கருத்தை வள்ளுவர் பெருமான் கூறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அது மிகுபாரத்தால் நேரும் முறிவு. ரயில் பிறந்த பிறகு மனிதன் வேறு வகை முறிவு ஒன்றையும் கண்டான். அளவுக்கு உட்பட்ட பாரத்தையே சுமந்து, நெடுநாள் நன்றாக ஓடிய அச்சு, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி இரண்டாகிப் போயிற்று.

1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு ஒன்று முறிந்தது. எஞ்சின் கவிழ்ந்தது, பின்வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பற்றிக்கொண்டன. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் உள்ளிருந்தோர் வெளியேற வழியில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களை ஆராய்ந்து திரும்பிய தூமோன் தூர்வில் என்னும் புகழ்பெற்ற கடலோடியும் தம் மனைவியோடும் மகனோடும் அதில் இறந்தார். பெருங்கடல்களை வென்று வந்தவரை ஓர் இரும்புத் தண்டின் கீறல் கொன்றுவிட்டது.

அதன் பின்னர் அறிஞர்கள் இதனை ஆராயத் தொடங்கினர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராங்கின் 1843இலேயே ரயில் அச்சுகளின் முறிவைப் பற்றி எழுதினார். பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் என்பவர், அச்சுகளை இயந்திரத்தில் பூட்டி ஆண்டுக்கணக்கில் சுழலவிட்டுப் பார்த்து, 1870ஆம் ஆண்டுக்குள் ஓர் உண்மையை நிலைநாட்டினார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சிறு பாரமும், இலட்சக்கணக்கான தடவை மாறி மாறி வந்தால் இரும்பை முறித்துவிடும் என்பதே அவ்வுண்மை. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்று நம் முன்னோர் கூறியதை அவர் இயந்திரத்தால் மெய்ப்பித்தார் எனலாம். பொறியாளர்கள் இதனை இரும்பின் ‘களைப்பு’ என்கின்றனர்.

இதனைக் கணக்காலும் விளக்கலாம். ஓடும் அச்சின் நடுப்பகுதியில் மேற்புறம் இழுபடுகிறது, கீழ்ப்புறம் நெருக்குண்கிறது. அரைச் சுற்றுச் சுற்றியதும் மேலிருந்தது கீழாகிறது, இழுபட்டது நெருக்குண்கிறது. ஆகச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் அச்சின் ஒவ்வோர் இடமும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நெருக்குண்டு மீள்கிறது. புதிய பயணிகள் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 2.87 மீட்டர். சென்னையிலிருந்து புதுதில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரே பயணத்தில் ஏழரை இலட்சம் சுழற்சி! போய்த் திரும்பினால் பதினைந்து இலட்சம்! நாம் மேற்பலகையில் படுத்து உறங்கும்போது நமக்குக் கீழே அந்த அச்சு இவ்வளவு உழைக்கிறது.

இந்தக் களைப்பினால் தோன்றும் கீறல் முதலில் மயிரிழையாக இருக்கும். பிறகு மெல்ல மெல்ல உள்நோக்கி வளரும். எஞ்சிய இரும்பு பாரத்தைத் தாங்க முடியாத நிலை வந்ததும் ஒரு கணத்தில் முறிந்துவிடும். முறிந்த முகத்தைப் பார்த்தால், அலை வந்து சென்ற கடற்கரை மணலில் காணப்படுவது போன்ற வரிகள் தெரியும். கீறல் வளர்ந்த வரலாற்றை அவ்வரிகளிலேயே படிக்கலாம் என்பர்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கீறல் தோன்றும் நாளுக்கும் அச்சு முறியும் நாளுக்கும் இடையே ஓர் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்துக்குள் ஒரு தடவையேனும் நம் சோதனை அதனைக் கண்டுவிட வேண்டும். கண்டுவிட்டால் ஓர் அச்சின் விலையோடு போகும். காணாவிட்டால் உயிர்கள் போகும். சோதனைகளை இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று விதித்திருப்பதெல்லாம் இந்த அவகாசத்தைக் கணக்கிட்டே ஆகும்.

கண்டுபிடிக்கும் வழிகள் படிப்படியாக வளர்ந்தன. முதலில் சுத்தியல். நிலையத்தில் நின்ற வண்டியின் சக்கரங்களை நீண்ட பிடியுள்ள சுத்தியலால் ஒருவர் தட்டிக்கொண்டே செல்வதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். மண்பானைச் சோதனைதான் அது. அடுத்து எண்ணெயும் சுண்ணப் பொடியும். எஞ்சின் உறுப்பை எண்ணெயில் ஊறவைத்து, மேற்பரப்பை நன்றாகத் துடைத்து, வெண்பொடி பூசிவிடுவார்கள். கீறலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பரப்பில் கருங்கோடாகத் தெரியும். பிறகு காந்தம் வந்தது. இரும்பைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் துகளைத் தூவினால், கீறல் உள்ள இடத்தில் துகள் கோடு கட்டி நிற்கும்.

இவற்றுள் பின்னிரண்டும் மேற்பரப்பிலோ அதனை ஒட்டியோ உள்ள கீறலையே காட்டும். 1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர் உள்ளேயும் பார்க்கும். ஆனால் தடித்த உறுப்பானால் கதிரும் வலிமையுடையதாக இருக்க வேண்டும். அருகில் உள்ளவர்களை அப்புறப்படுத்த வேண்டும். அச்சைப் போன்ற உருண்டு திரண்ட உறுப்பில் குறுக்கே ஓடும் மெல்லிய விரிசல் படத்தில் விழாமல் தப்பவும் கூடும்.

இனி, கேளா ஒலிக்கு வருகிறேன். மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். தண்டவாளச் சோதனையில் பயன்படுவது விநாடிக்கு 20 இலட்சம், 40 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலி. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரான்சு நாட்டு லாஞ்செவின் இத்தகைய ஒலியைக் கடலுக்குள் செலுத்தி எதிரொலியைக் கேட்க முயன்றார். கடலில் செய்ததை இரும்புக்குள் செய்யலாம் என்று 1920களின் இறுதியில் சோவியத் நாட்டுச் சோகலோவ் எண்ணினார். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் என்பவரும் இங்கிலாந்தில் ஸ்புரூல் என்பவரும் தனித்தனியே இதற்குரிய கருவிகளை உருவாக்கினர்.

இது வேலை செய்யும் விதம் எளியது. ஒலி இரும்புக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்கிறது. பெட்டியின் அச்சு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம். அச்சின் ஒரு முனையில் சிறு வில்லை போன்ற புரோபை வைத்து ஒலியை அனுப்பினால், அது மறுமுனையில் மோதித் திரும்ப ஆயிரத்தில் ஒரு விநாடிகூட ஆகாது. திரையில் அவ்வெதிரொலி ஒரு முனைப்பாகத் தோன்றும். அதற்கு முன்பே வேறொரு முனைப்புத் தோன்றினால், வழியில் ஏதோ ஒன்று ஒலியைத் தடுத்துத் திருப்பியிருக்கிறது என்று பொருள். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதைக்கொண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

ஒலி ஏன் கீறலில் மோதித் திரும்புகிறது? கீறலுக்குள் இருப்பது காற்று. இரும்பில் விரையும் இந்தக் கேளா ஒலி, மெல்லிய காற்றிடைவெளியைக்கூடத் தாண்ட இயலாமல் திரும்பிவிடுகிறது. இதே காரணத்தால்தான் புரோபுக்கும் இரும்புக்கும் இடையிலும் காற்று இருக்கக்கூடாது. அச்சு முனையில் எண்ணெயோ கிரீஸோ தடவுவதும், தண்டவாளச் சோதனை வண்டியில் தண்ணீர்த் தொட்டி இருப்பதும் இதற்காகவே. தண்ணீர் தீர்ந்துவிட்டால் கருவி செவிடாகிவிடும்.

இம்முறையின் பெரும்பயன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சில் கீறல் தோன்றும் இடங்களுள் முக்கியமானது, சக்கரம் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும் இருக்கை. அங்கே கண் எட்டாது; எண்ணெய் எட்டாது; துகளும் எட்டாது. சக்கரத்தைக் கழற்றாமல், முனையிலிருந்தே உள்ளே நோக்கி அந்த மறைவிடத்தைக் காண்பதற்கு இந்த ஒலி உதவுகிறது.

அன்பர்களே! இதுவரை கூறியவற்றில் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. சிறு உறுப்பானால் சோதனைக்கூடத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஆயிரம் கிலோமீட்டர் தண்டவாளத்தை எங்கே எடுத்துச் செல்வது? மின் நிலையத்தின் கொதிகலத்தை யார் தூக்குவது? எண்ணெய்க் கொள்கலனின் அடித்தகட்டைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியுமா? நம் கோயில்களில் இதற்கு ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். மூலவர் கருவறையை விட்டு எழுந்தருள்வதில்லை. கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயாளரும் வணங்கும்பொருட்டு உற்சவர் வீதிக்கு எழுந்தருள்கிறார். சோதனைக்கூடத்து மூலவரை அசைக்க முடியாத தொழிலுலகமும், பெரிய உறுப்புகள் இருக்கும் இடத்துக்கே செல்லத்தக்க உற்சவர் ஒருவரைப் படைத்துக்கொண்டது.

இதில் ரயில்வேக்குத்தான் முன்னிடம். 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து மான்செஸ்டர் என்னும் ஊரருகே தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்து 29 பேர் இறந்தனர். தண்டவாளத்தின் தலைப்பகுதிக்குள் வெளியே தெரியாத குறுக்குப் பிளவு ஒன்று வளர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். மேலே எவ்வளவு உற்று நோக்கினாலும் தெரியாத பிளவு அது. பல ஆண்டுகளுக்குப் பின், எல்மர் ஸ்பெரி என்னும் கண்டுபிடிப்பாளர், தண்டவாளத்தின் மீதே ஓடிச்சென்று அதனைச் சோதிக்கும் ஒரு வண்டியை 1928இல் ஓட்டிக் காட்டினார். வண்டி தண்டவாளத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சும். உள்ளே பிளவிருந்தால் மின்சாரம் ஒதுங்கிப் பாயும். அதனால் ஏற்படும் காந்த மாறுதலைக் கருவி தானே உணர்ந்து காகிதத்தில் பதியும். இடம்பெயர்ந்து சென்று தானாகவே சோதிக்கும் கருவிக்கு இதனினும் சிறந்த தொடக்கம் இல்லை.

நம் நாட்டிலும் இன்று இருவர் தள்ளிச் செல்லும் கேளா ஒலித் தள்ளுவண்டியை இருப்புப்பாதையில் காணலாம். பல கோணங்களில் ஒலியை அனுப்பும் புரோபுகள் அதன் அடியில் தண்டவாளத்தைத் தழுவிச் செல்லும். நேராகக் கீழே செல்லும் ஒலி கிடையான பிளவைக் காணும். 70 பாகை சாய்ந்து செல்லும் ஒலி தலைப்பகுதியின் குறுக்குப் பிளவைக் காணும். ஒரே கோணத்தில் பார்த்தால் ஒரு வகைக் குறைதான் தெரியும் என்பது இதனால் விளங்கும். தானே ஓடும் சோதனை வண்டிகளும் உள்ளன. இவற்றின் தேவையை நமக்கு உணர்த்த அயல்நாட்டு விபத்துகள் வேண்டா. 1998ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பஞ்சாபில் கன்னா அருகே, உடைந்த தண்டவாளத்தால் தடம்புரண்ட கோல்டன் டெம்பிள் மெயிலின் மீது சியால்டா எக்ஸ்பிரஸ் மோதி 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடு மறந்துவிடலாகாது.

ரயில்வேக்கு வெளியேயும் இக்கலை பரவியிருக்கிறது. காந்தச் சக்கரங்கள் கொண்ட சிறு ஊர்திகள் கொள்கலன்களின் செங்குத்தான சுவரில் பல்லியைப் போல ஏறி, தகட்டின் கனத்தை அளந்துகொண்டே போகின்றன. நெடுந்தூர எண்ணெய்க் குழாய்களுக்குள் எண்ணெயோடு எண்ணெயாகப் பயணம் செய்து, எங்கே துரு அரித்திருக்கிறது என்று குறித்து வரும் கருவிகள் உள்ளன. தமிழகத்துக் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தார், வேக ஈனுலையின் முதன்மைக் கலத்துக்கும் அதனைச் சூழ்ந்த பாதுகாப்புக் கலத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில் ஊர்ந்து சென்று பற்றவைப்புகளைச் சோதிக்கத்தக்க தொலைவியக்க ஊர்தியை உருவாக்கியிருக்கின்றனர். மனிதன் நுழைய முடியாத இடம்; நுழையவும் கூடாத இடம். அந்நிலையத்தில் இத்துறையை வளர்த்த பல்தேவ் ராஜ் அவர்கள், அதே முறைகளை நம் தென்னகத்துச் செப்புத் திருமேனிகளை ஆராயவும் பயன்படுத்தினார் என்பது நமக்கு உவகை தரும் செய்தி. உடைக்காமல் உள்ளறிய வேண்டியவற்றுள் சிலையைவிட அருமையானது வேறென்ன?

கருவிகளின் அண்மைக்கால வளர்ச்சியில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, ஒரு புரோபுக்குள்ளேயே பல நுண்ணிய ஒலிவாய்களை வரிசையாக அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மிகச் சிறு கால இடைவெளியில் இயக்குவது. இதனால் புரோபைத் திருப்பாமலே ஒலிக்கற்றையை விசிறிபோல் அசைக்கலாம். மருத்துவமனையில் தாய் வயிற்றுக் குழந்தையைப் பார்க்கும் கருவியும் இவ்வகையினதே. இரண்டாவது, கருவி எந்த இடத்தில் இருந்தபோது எந்த எதிரொலி வந்தது என்பதை அளவோடு பதிந்து, உறுப்பு முழுமைக்கும் வண்ணப்படம் தீட்டுவது. தாளும் பேனாவுமாக வாழும் என்னைப் போன்றவனுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகத் தோன்றுகிறது. கையால் செய்த சோதனையில் எஞ்சுவது ‘நன்று’ என்ற ஒரு சொல்லும் ஒரு கையொப்பமும். தானியங்கிச் சோதனையில் எஞ்சுவது படம். சென்ற ஆண்டுப் படத்தையும் இவ்வாண்டுப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அன்று 3 மில்லிமீட்டராக இருந்தது இன்றும் 3 மில்லிமீட்டரா, அல்லது 5 ஆகிவிட்டதா என்று கேட்கலாம். வளராத குறையோடு ஓர் உறுப்பு நெடுநாள் வாழக்கூடும். வளரும் குறையே கொல்லும்.

அப்படியானால் மனிதனுக்கு வேலையில்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்டு, முன்னினும் பொறுப்பான வேலை உண்டு. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், அமெரிக்காவில் சூ சிட்டி என்னும் ஊரில் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 296 பேரில் 112 பேர் மாண்டனர். எஞ்சினின் விசிறித் தட்டு பறக்கும்போதே வெடித்துச் சிதறியதே காரணம். முந்திய ஆண்டில் அத்தட்டைச் சோதித்தபோதே அதில் கண்டறியத்தக்க விரிசல் இருந்தது என்றும், சோதித்தவர் பார்வையில் அது படவில்லை என்றும் விசாரணையில் தெரிந்தது. முறை இருந்தது, மருந்து இருந்தது, விரிசலும் இருந்தது. பார்க்க வேண்டிய கண் களைத்திருந்தால், அல்லது ‘இதில் ஒன்றும் இராது’ என்று முன்னரே எண்ணியிருந்தால், எல்லாம் வீண்.

கருவியும் தானே நேர்மையாக இருந்துவிடாது. கடைக்காரர் படிக்கல்லுக்கு முத்திரை இடுவது போல, சோதிப்பவர் வேலை தொடங்குமுன், அளவு தெரிந்த செயற்கைக் குறையுள்ள ஓர் இரும்புத் துண்டில் கருவியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சிறு குறையைக் காட்டாத கருவி பெருங்குறையைக் காட்டும் என்பதற்கு என்ன உறுதி? வெயிலிலும் பனியிலும் பாதையில் நடப்பவர் இந்தச் சில நிமிட வேலையைத் தவிர்க்காமல் செய்கிறாரே, அதில்தான் நம் உயிர் அடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறேன். எந்தப் பணிமனை என்பதும் எந்த ஆண்டு என்பதும் வேண்டா. பண்டிகைச் சிறப்பு ரயிலுக்காக ஒரு பெட்டியை விரைவில் அனுப்ப வேண்டியிருந்தது. அச்சைச் சோதித்த தமிழ் அன்பர் ஒருவர், சக்கர இருக்கையருகே ஐயத்துக்குரிய எதிரொலி ஒன்றைக் கண்டார். சக்கரம் இறுக்கமாகப் பொருந்திய இடத்தில் கீறலில்லாமலே அத்தகைய எதிரொலி வருவதுண்டு. மேலதிகாரியும் அதைத்தான் சொன்னார். அன்பரோ, கழற்றிப் பார்க்காமல் கையொப்பமிட இயலாது என்று பணிவோடு மறுத்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றினார்கள், காந்தத் துகள் தூவிப் பார்த்தார்கள். கீறல் இல்லை! பெட்டி இரண்டு நாள் தாமதமாகப் போயிற்று. அன்று முதல் அவருக்குப் ‘புலி வருது’ என்று பட்டப் பெயர் சூட்டிச் சிரித்தார்கள்.

அவர் செய்தது தவறா? அன்பர்களே, அன்று நான் அருகிலிருந்து பார்த்தேன். இன்றும் சொல்கிறேன், தவறன்று. சோதனையில் இரு வகைப் பிழைகள் நேரலாம். நல்லதைத் தீயதென்று ஐயுறுவது ஒன்று. தீயதை நல்லதென்று விட்டுவிடுவது மற்றொன்று. முதலாவதன் விலை இரண்டு நாள். இரண்டாவதன் விலையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? ஆனால் பொய் அபாயக் குரல் அடிக்கடி எழுந்தால் கேட்பவர்கள் நம்பாமற் போவார்கள் என்பதும் உண்மையே. அதனால்தான் படத்தோடு கூடிய புதிய கருவிகளை நான் வரவேற்கிறேன். ஐயம் வந்தால், படத்தை மற்றோர் அறிஞருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். பழைய படத்தோடு ஒப்பிடலாம். ஐயுற்றவர் தனி மனிதராக நின்று ஏளனத்தைச் சுமக்க வேண்டியதில்லை. கருவி அவருக்குச் சாட்சியாக நிற்கும். அவரைப் போன்றவர்கள் வாய்மூடிப் போய்விட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வாங்கி வைத்தும் பயனில்லை.

இறுதியாக, என் தொழிலைச் சார்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், இங்கிலாந்தில் ஹாட்பீல்டு என்னும் ஊரருகே தண்டவாளம் துண்டு துண்டாக உடைந்து விரைவு ரயில் தடம்புரண்டது. நால்வர் இறந்தனர், பலர் காயமுற்றனர். அங்கே குறை கண்டுபிடிக்கப்படாமல் போகவில்லை. தண்டவாளத்தில் விரிசல் இருப்பது விபத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். மாற்ற வேண்டும் என்ற முடிவும் எழுத்தில் இருந்தது. மாற்றத்தான் இல்லை. சோதனை தன் கடமையைச் செய்தது, அதன்பின் கடிதம் நடந்தது, வேலை நடக்கவில்லை.

நம் ரயில்வேயில், உடனே அகற்ற வேண்டிய குறையுள்ள தண்டவாளத்தில் சிவப்பு வர்ணத்தால் மூன்று பெருக்கற்குறிகள் இடுவார்கள். கண்காணிக்க வேண்டியதில் ஒன்று. மாற்றும்வரை வேகத்தைக் குறைக்கவும், குறித்த நாளுக்குள் மாற்றவும் விதிகள் உண்டு. பாதையில் இட்ட அந்தக் குறி காகிதமாக மாறி அலுவலகத்துக்கு வருகிறது. அங்கே அதற்கு எண்ணிடுபவனும், அடுத்த மேசைக்கு அனுப்புபவனும் என்னைப் போன்ற எழுத்தன்தான். மற்றக் காகிதங்கள் ஒரு நாள் தட்டில் உறங்கினால் ஒருவருடைய படிப்பணம் தாமதமாகும். இந்தக் காகிதம் உறங்கினால், கீறல் உறங்குவதில்லை. ஒவ்வொரு வண்டி போகும்போதும் அது வளர்கிறது. ஆகவே எங்கள் பிரிவில் சோதனை அறிக்கை வந்தால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு அதனை முதலில் அனுப்புவது என்று நாங்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அதற்கு விதியும் வேண்டா, பாராட்டும் வேண்டா.

வள்ளுவர் பெருமான் ‘குற்றங்கடிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கேடு வருமுன் காத்துக்கொள்ளாதவனின் நிலையை அதில் எச்சரித்தார். குற்றத்தைக் காண்பது கருவியின் வேலை. அதனைக் கடிவது மனிதரின் வேலை. பாதையில் புரோபைப் பிடித்து நடப்பவர், ஐயமுற்றால் கையொப்பமிட மறுப்பவர், அறிக்கையை உடனே அனுப்புபவர், தண்டவாளத்தை மாற்றும் தொழிலாளர் ஆகிய அனைவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். எந்தக் கண்ணியில் கீறல் விழுந்தாலும் சங்கிலி அறும்.

இங்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழிவிலாச் சோதனையில் முறையான பயிற்சியும் தகுதிச் சான்றும் பெற இன்று வாய்ப்புகள் இருக்கின்றன. கூரிய கண்ணும், பொறுமையும், பொய் சொல்லாத மனமும் உள்ளவர்களுக்கு இது நல்ல தொழில். வெளிச்சம் போட்டுக் காட்டாத தொழில். தன் வெற்றி யாருக்கும் தெரியாத தொழில். முறியாத அச்சைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை அன்றோ?

கோடை விடுமுறைக்கு நாமெல்லோரும் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுவோம். வழியில் பாதையோரம் ஒதுங்கி நின்று, தள்ளுவண்டியைப் பிடித்தபடி நம் ரயிலுக்கு வழிவிடும் இருவரைக் கண்டால், சன்னலிலிருந்து கையசைத்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்.